நாலாம் நம்பர் தள்ளினானா?

"டியா தாக் தோலாக், கோச்."

அவன் தள்ளுறதில்ல, கோச். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படித்தபோது, மழை விட்ட ஒரு மாலையில் திடலோரம் நின்று நான் சொன்னது இது. சொல்லும்போது குரல் தடுமாறவில்லை. தடுமாற என்ன இருக்கிறது? நான் பொறியியல் மாணவன். கையில் ஆதாரம் இருந்தது. அதுவும் இரண்டு.

அந்த 'அவனுக்கு' இங்கே பெயர் வேண்டாம். ரக்பியில் அவன் சட்டை எண் 4, என்னுடையது 5. நாலாம் நம்பர் என்றே சொல்கிறேன். சரவாக்கிலிருந்து படிக்க வந்தவன். அதிகம் பேசமாட்டான்.

ரக்பி பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஆட்டத்தில் பந்தை முன்னால் தவறவிடுவது போன்ற சின்னப் பிழை நடந்தால் ஸ்க்ரம் வைத்து மறுபடி தொடங்குவார்கள். ஒவ்வோர் அணியிலும் 8 பேர் ஒருவரை ஒருவர் பிடித்து, குனிந்து, எதிரணியின் 8 பேரோடு மோதித் தள்ளவேண்டும். முன்வரிசையில் மூவர்: நடுவில் ஹூக்கர், இரு பக்கமும் ப்ராப். இரண்டாம் வரிசையில் இருவர். இவர்களுக்கு லாக் என்று பெயர். பக்கவாட்டில் இரண்டு பிளாங்கர், கடைசியில் எட்டாம் நம்பர். நடுவர் 'க்ரவுச், பைண்ட், செட்' என்பார். 'செட்' வந்ததும் 16 உடம்புகள் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும்.

லாக்கின் இடம் மரியாதையான இடம் கிடையாது. ப்ராப்பின் இடுப்புக்கும் ஹூக்கரின் இடுப்புக்கும் நடுவில் தலையை நுழைக்கவேண்டும். ஒரு கை பக்கத்து லாக்கை அணைத்திருக்கும். இன்னொரு கை ப்ராப்பின் கால்களுக்கு இடையில் போய் அவன் கால்சட்டை இடுப்பைப் பிடித்திருக்கும். உங்கள் தோள் அவன் பிட்டத்துக்குக் கீழே. காது இரண்டும் நசுங்கும். அதனால்தான் பல லாக்குகள் தலையைச் சுற்றி டேப் ஒட்டிக்கொள்கிறார்கள். கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம் புல், நாலைந்து பூட்ஸ், அவ்வளவுதான். வெளியில் இருப்பவர்களுக்கும் உங்களைத் தெரியாது. தொலைக்காட்சி காட்டுவது ப்ராப்பின் முகத்தை. லாக் உலகத்துக்குத் தெரிவது லைன்அவுட்டில் பந்துக்காக மேலே எகிறும்போது மட்டும்.

அப்படியானால் ஒரு லாக் ஸ்க்ரமில் எவ்வளவு தள்ளினான் என்று யார் சொல்வது?

அந்த ஆண்டு நாங்கள் தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றோம். இரண்டிலும் ஸ்க்ரம் பின்னால் போனது. முன்வரிசைக்காரர்களை விட்டால் மிச்சம் இருப்பது லாக்குகள்தான் என்று கோச் கணக்குப் போட்டார். ஹூக்கரைக் கேட்டார், ஏனென்றால் ஹூக்கரின் மீது மட்டும்தான் இரண்டு லாக்குகளின் தோளும் படும். அவன் பந்தைத் தவிர எதையும் கவனிப்பதில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான். பிறகு என்னைக் கேட்டார். முன்களத்துக்கு நான்தான் தலைவன்.

என் முதல் ஆதாரம் வீடியோ. கோட்டுக்கு வெளியிலிருந்து போனில் எடுத்தது. அதில் என் கால்கள் இஞ்சின் மாதிரி ஓடுகின்றன, மண் தெறிக்கிறது. நாலாம் நம்பரின் கால்களோ ஊன்றிய இடத்திலேயே இருக்கின்றன. முதுகு மேசை மாதிரி நேராக, அசையாமல். பார்த்த எல்லாரும் சிரித்தோம். தூங்குறான் பாரு என்று யாரோ சொன்னார்கள்.

இரண்டாவது ஆதாரம்தான் எனக்குப் பெருமை. ஆய்வகத்திலிருந்து ஒரு லோட் செல்லை இரவல் வாங்கி, பயிற்சி வண்டியின் பஞ்சுப் பலகைக்குப் பின்னால் பொருத்தினேன். ஒவ்வொருவராக வந்து தனியாகத் தள்ளவேண்டும், ஆளுக்கு மூன்று முறை. என் எண் அவனுடையதைவிட அதிகம். மூன்று முறையும். கோச்சிடம் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன்.

வீடியோ பொய் சொல்லவில்லை. லோட் செல்லும் பொய் சொல்லவில்லை. நான் சொன்னதுதான் பொய்.

அவனை அணியிலிருந்து எடுத்தார்கள். இதில் என்ன பெரிய விஷயம், விளையாட்டுதானே என்று தோன்றலாம். எங்கள் பல்கலைக்கழகத்தில் அடுத்த ஆண்டு விடுதி அறை கிடைப்பதற்கு மெரிட் புள்ளி வேண்டும். பல்கலைக்கழக அணியில் இருந்தால் அந்தக் கவலை இல்லை. இல்லாவிட்டால் கயிறு இழுக்கும் போட்டி, பாட்டுப் போட்டி, ரத்ததான முகாம் என்று ஓடிப் புள்ளி பொறுக்கவேண்டும். பருவத்தின் பாதியில் வெளியே வந்தவனுக்கு அதற்கும் நேரமில்லை. இறுதி ஆண்டில் அவனுக்கு அறை கிடைக்கவில்லை. வெளியே நான்கு பேரோடு ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தான், பழைய காப்சாய் மோட்டார் ஒன்றில் வகுப்புக்கு வந்தான். தீபகற்பத்தில் அவனுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. நான் விடுதியில் இரண்டாம் மாடியில் இருந்தேன், ஃபேன் நன்றாகச் சுற்றும் அறை.

அவனை எடுத்த பிறகு வந்த முதல் ஆட்டம். அவன் இடத்தில் வந்தவன் நல்ல கனமான பையன், லோட் செல்லில் என்னையே மிஞ்சியவன். நாலாம் நம்பர் கோட்டோரத்தில் தண்ணீர் போத்தல்களோடு நின்றுகொண்டிருந்தான். யாரும் அவனை வரச் சொல்லவில்லை, அவனாகவே வந்திருந்தான். முதல் ஸ்க்ரமில் எங்கள் வலது பக்கம் மட்டும் முன்னே பாய்ந்தது, இடது பக்கம் நொறுங்கியது, மொத்தமும் சுழன்றது. ஸ்க்ரம் 90 பாகைக்கு மேல் சுழன்றால் நடுவர் நிறுத்திவிடுவார். அன்றைக்கு எத்தனை முறை நிறுத்தினார் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ஆட்டம் முடிந்து பூட்ஸ் கழற்றும்போது எங்கள் இடது ப்ராப், சுங்கை சிப்புட் பையன், என் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "டேய், முன்ன எனக்குப் பின்னால ஒரு சுவர் இருந்துச்சு. இப்ப ஒருத்தன் இருக்கான்."

இந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள நான் படித்த பாடங்களை எல்லாம் மறுபடி புரட்டவேண்டி வந்தது.

மாமாக் கடை மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று கால் மேசை என்றால், மேலே வைத்த எடையில் எந்தக் கால் எவ்வளவு தாங்குகிறது என்பதைச் சமநிலைச் சமன்பாடுகளைக் கொண்டே கணக்கிட்டுவிடலாம். நாலு கால் என்றால் முடியாது. முதலாண்டு மாணவனுக்குக் கொஞ்சம் அதிர்ச்சி தரும் விஷயம் இது. எடை தெரியும், நீள அகலம் தெரியும், ஆனாலும் விடை வராது. ஸ்டாட்டிக்கலி இன்டிடெர்மினேட் என்பார்கள். விடை வேண்டுமானால் ஒவ்வொரு காலும் எவ்வளவு விறைப்பானது, தரை எவ்வளவு சமமானது என்பதெல்லாம் தெரியவேண்டும். விறைப்பான கால் அதிகச் சுமையை இழுத்துக்கொள்ளும். மயிரிழை குட்டையான கால் பார்க்கக் கால் மாதிரியே இருக்கும், ஒன்றையும் தாங்காது. ஆடுகிற மேசைக்கு அடியில் கடைக்கார அண்ணன் சிகரெட் அட்டையை மடித்து வைப்பாரே, அந்த நிமிடத்திலிருந்து சுமையில் ஒரு பங்கு அந்த அட்டையின் மேல்.

நாலு காலுக்கே இந்தக் கதை. ஸ்க்ரமில் 8 பேர், 16 கால், ஈரத் தரை.

தனியாகத் தள்ளியதை அளந்து கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். நான் செய்தது அதைத்தான். நியூசிலாந்தில் கென் குவாரி, பாரி வில்சன் இருவரும் இதை முறையாகச் செய்து 2000-ல் வெளியிட்டார்கள். மூத்த கிளப் வீரர்களைத் தனித்தனியாகவும் முழு ஸ்க்ரமாகவும் கருவியில் தள்ளவைத்து அளந்தார்கள். எட்டுப் பேர் சேர்ந்து தள்ளியபோது வந்த விசை, அவர்கள் தனித்தனியாகத் தள்ளியதன் கூட்டுத்தொகையில் சராசரியாக 65 சதவீதம் மட்டுமே. மூன்றில் ஒரு பங்கு எங்கோ போய்விடுகிறது.

எங்கே போகிறது என்பதில்தான் அறக்கேள்வி இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கல்மான் 1913-ல் வெளியிட்ட அட்டவணை ஒன்று உண்டு. ஒருவர் தனியாகக் கொடுக்கும் விசையை 100 என்று வைத்தால், இரண்டு பேர் சேரும்போது ஆளுக்கு 93, மூன்று பேரில் 85, எட்டுப் பேரில் 49. எட்டு என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் ஒன்று புரண்டது. அந்த இழப்புக்கு இரண்டு காரணம் சாத்தியம். ஒன்று, கூட்டத்தில் நான் குறைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும் என்ற சோம்பல். இரண்டு, ஒரே கணத்தில் ஒரே திசையில் சேராமல் வீணாவது. ரிங்கல்மான் இரண்டாவது பக்கம் சாய்ந்தார். 1974-ல் இங்கமும் கூட்டாளிகளும் இரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் இருப்பதாக நம்பவைத்துக் கயிறு இழுக்கச் சொன்னார்கள். பின்னால் இருந்தவர்கள் சும்மா நடித்தார்கள். அப்போதும் அவருடைய விசை ஓரளவு குறைந்தது. ஆக, சோம்பலும் உண்டு. ஆனால் அது முழுக் கதை இல்லை.

கண்ணைக் கட்டிய அந்த மனிதரைப் போன்றவன்தான் லாக். தன் விசை தனக்குத் தெரியும், மற்றவனுடையது தெரியாது. ஸ்க்ரம் பின்னால் போகிறது, நான் உயிரைக் கொடுத்துத் தள்ளுகிறேன், அப்படியென்றால் பக்கத்தில் இருப்பவன் தள்ளவில்லை. இவ்வளவு எளிமையாகத்தான் என் புத்தி வேலை செய்தது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் தள்ளவில்லை என்ற உண்மை, உள்ளே குனிந்திருந்த எனக்கு அவனுடைய சோம்பலாகத் தெரிந்தது. ஒத்திசைவு குறைவு என்றால் அது எல்லாருடைய பிரச்சினை, என்னுடையதும்தான். மாலாஸ் என்று சொல்லிவிட்டால் அது அவனுடைய குணம். எனக்கு வேலை மிச்சம்.

உண்மையில் நடந்தது என்ன என்று இப்போது ஓரளவு சொல்லமுடியும். நான் பள்ளியில் கற்றது பத்துப் பேர் ரக்பி. 1960களில் பெட்டாலிங் ஜெயாவில் கோப்ரா கிளப் தொடங்கிவைத்த, நம் நாட்டிலேயே பிறந்த வடிவம். அதில் ஸ்க்ரம் ஐந்து பேர்தான். லாக்குகளுக்குப் பின்னால் ஆளே கிடையாது. யார் முந்திக்கொள்கிறானோ அவன் ஜெயிப்பான். 'செட்' வருவதற்குள் பாய்ந்துவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எட்டுப் பேர் ஸ்க்ரமில் இது கெடுதல். லாக்கின் விசை ப்ராப்பின் முதுகெலும்பு வழியாகத்தான் எதிரணிக்குப் போகவேண்டும். ப்ராப் தயாராகும் முன் தள்ளினால் அவன் இடுப்பு மேலே எழும்பிவிடும், பிறகு எவ்வளவு தள்ளினாலும் காற்றில் போனது போனதுதான். கால் ஓடுகிறது என்றால் பிடி நழுவுகிறது என்று அர்த்தம். வீடியோவில் தெறித்த மண் என் உழைப்பு இல்லை, என் வீண். அசையாமல் இருந்தவன் தன் ப்ராப்பைச் சுமந்துகொண்டு, என்னை அணைத்திருந்த கையால் என் அவசரத்தையும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் போனதும் பிடிக்க ஆளில்லாமல் வலது பக்கம் பாய்ந்தது. லோட் செல் பலகைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பலகைக்கு இடுப்பு கிடையாது, எழும்பாது. எப்போது முட்டினாலும் வாங்கிக்கொள்ளும்.

தமிழில் முட்டுக்கட்டை என்ற சொல்லை நாம் திட்டுவதற்குத்தான் வைத்திருக்கிறோம். தேர்ச் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைப்பவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். வடம் பிடித்தவர்கள் கணக்கில் அவர் வரமாட்டார். அவர் இல்லாவிட்டால் தேர் எந்த வீட்டுக்குள் நுழையும் என்று தெரியாது.

2019 நவம்பர் 2, யோக்கோஹாமாவில் உலகக் கிண்ண இறுதி ஆட்டம். தென்னாப்பிரிக்கா 32, இங்கிலாந்து 12. நானும் சுங்கை சிப்புட் ப்ராப்பும் மாமாக் கடையில் உட்கார்ந்து பார்த்தோம். தென்னாப்பிரிக்காவின் ஸ்க்ரம் இங்கிலாந்தைப் பிழிந்தது. எல்லார் வாயிலும் 'பீஸ்ட்' என்று அழைக்கப்படும் இடது ப்ராப் ம்தவாரிராவின் பெயர். எதிரே இருந்த டான் கோல்மேல் கடை முழுக்கப் பரிதாபமும் கேலியும். தொடக்க நிமிடங்களிலேயே அடிபட்டு வெளியேறிய சிங்க்லருக்குப் பதிலாக வந்தவர் அவர். கோலுக்குப் பின்னால் தோள் கொடுத்தவர் யார், எவ்வளவு கொடுத்தார் என்று யாரும் கேட்கவில்லை. புகழும் பழியும் முகம் தெரிகிறவனிடம்தான் போய்ச் சேர்கின்றன.

முதல் பாதியிலேயே தென்னாப்பிரிக்காவின் ஹூக்கர் ம்போனாம்பியும் லாக் லூட் டி யாகரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் காயத்தோடு வெளியேறினார்கள். மார்க்ஸும் மோஸ்டர்ட்டும் வந்தார்கள். ஸ்க்ரம் அசரவில்லை. அப்படியானால் டி யாகரின் பங்கு பூஜ்யமா? அவர் போனாலும் ஒன்றும் மாறவில்லையே?

டெரக் பார்ஃபிட் 1984-ல் வெளியிட்ட 'ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்' நூலில் இதே வடிவத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. சுரங்கத்தில் 100 பேர் சிக்கியிருக்கிறார்கள். நான்கு பேர் ஒரு மேடையில் ஏறி நின்றால் எடையால் லிஃப்ட் மேலே வரும். நான் நான்காவது ஆள் என்றால், 100 பேரில் 25 பேரைக் காப்பாற்றிய பெருமை என்னுடையதா? நான் போகாவிட்டாலும் ஐந்தாவது ஆள் ஒருவர் தயாராக நிற்கிறார், நான் வேறிடத்தில் இன்னும் 10 பேரைக் காப்பாற்றலாம் என்றால்? மொத்தத்தை ஆட்களால் வகுத்துப் பங்கு போடும் பழக்கம் தவறு என்பதைக் காட்டத்தான் பார்ஃபிட் இதைச் சொல்கிறார். நான் என்ன மாற்றத்தை உண்டாக்குகிறேன் என்று பார்க்கவேண்டும் என்பது அவர் பக்கம். என்ன செய்யவேண்டும் என்று முடிவெடுக்க அது சரிதான். ஆனால் நடந்து முடிந்ததற்கு ஒருவரை மதிப்பிட அது போதாது. மோஸ்டர்ட் தயாராக இருந்தார் என்பதால் அதுவரை டி யாகர் கொடுத்த தோள் இல்லாமல் போய்விடாது.

அன்று கடையில் நான் இதையெல்லாம் கை ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். ப்ராப் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டான். "அதுக்கு எதுக்குடா இவ்ளோ கணக்கு? முன்னால நிக்கிறவனைக் கேட்டா சொல்லிடப் போறான்."

இது நான் நினைத்ததைவிட ஆழமான பதில். ஒரு லாக்கின் உழைப்பு வெளியிலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவனுக்கும் சரியாகத் தெரியாது. அதை வாங்கிக்கொள்பவனுக்குத் தெரியும், தன் இடுப்பில், தன் முதுகில். எண்ணாகச் சொல்லமுடியாத அறிவு என்பதால் அது அறிவு இல்லை என்று ஆகிவிடாது. நான் கோச்சிடம் எண்ணைக் காட்டினேன். ப்ராப்பிடம் 'சுவர்' என்ற சொல்தான் இருந்தது. அவனை யாரும் கேட்கவே இல்லை.

ப்ராப்புகளை அப்படியே நம்பிவிடவும் முடியாதுதான். ஸ்க்ரம் தோற்றால் 'பின்னால தள்ளல' என்பது அவர்களுடைய பழைய சாக்கு. அதனால் சாட்சியைக் கேட்கும்போது, இதைச் சொல்வதால் இவனுக்கு என்ன கிடைக்கும் என்றும் பார்க்கவேண்டும். இந்தச் சோதனையில் சுங்கை சிப்புட் பையன் தேறுகிறான். அணியில் இல்லாத ஒருவனைப் புகழ்ந்து அவனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நான்தான் தேறவில்லை. தவறு 4 என்றால் 5 தப்பிவிடும். அளக்கப்படும் பொருளின் பாதி நான், அளவுகோலைப் பிடித்திருந்ததும் நான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். 'சுவர்' என்று கேட்ட அன்றே எனக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. இரண்டு வாரத்தில் முழுதும் புரிந்தது. பருவம் முடிய இன்னும் நாள் இருந்தது, கோச்சிடம் போயிருக்கலாம். போகவில்லை. அவனைத் திரும்ப எடுங்கள் என்று சொல்லவேண்டுமானால், ஸ்க்ரம் ஏன் சுழல்கிறது என்பதையும் சொல்லியாகவேண்டும்.

இப்போது ஒரு தொழிற்சாலையில் வேலை. போன ஆண்டு முதன்முறையாக ஏழு டெக்னீஷியன்களுக்கு மதிப்பெண் போடும் படிவம் என் கைக்கு வந்தது. யாராவது ஒருவருக்கு 2 போட்டே ஆகவேண்டும், கம்பெனியின் விதி அப்படி. எனக்குத் தெரிந்த வழியில், அடுத்த ஷிப்ட்காரர்களிடம் போய், யார் விட்டுப்போன மெஷின் உங்களுக்குத் தொல்லை கொடுப்பதில்லை என்று கேட்டேன். நான் 2 போடலாம் என்று நினைத்திருந்த அண்ணன் பெயரைத்தான் மூன்று பேர் சொன்னார்கள். அவருக்கு 4 போட்டேன். ஆனாலும் அந்த 2 யாருக்காவது போகவேண்டியிருந்தது, போனது. அது சரியா என்று எனக்கு இன்னும் தெரியல.

சென்ற மாதம் சுங்கை சிப்புட் ப்ராப் கோலாலம்பூர் வந்திருந்தான். நெடுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "அப்போ நான் எப்படிடா தள்ளினேன்?"

தேத்தாரிக்கைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"நீ எனக்குப் பின்னால இருந்ததே இல்லையே. நீ அந்தப் பக்கம். மூணாம் நம்பர்கிட்ட கேளு."

மூணாம் நம்பர் இப்போது ஜொகூரில் இருக்கிறான். அவனுடைய எண் என் போனில் இருக்கிறது.